தொட்டி மீனை ஏரியில் விடாதீர்கள்: வளர்க்க முடியாதபோது செய்ய வேண்டியவை

வீடு மாறும்போது, மீன் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிடும்போது, பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்துவிடும்போது, கொல்ல மனம் வராமல் பலர் மீனை வாளியில் எடுத்துக்கொண்டு ஏரிக்கோ கோயில் தெப்பக்குளத்துக்கோ போகிறார்கள். விட்டதும் அது நீந்திப் போவதைப் பார்க்க நிம்மதியாக இருக்கும். விட்ட மீன் ஒத்துப்போகாவிட்டால் சில நாளில் பட்டினியாலோ நோயாலோ சாகும். ஒத்துப்போய்விட்டால் அங்கே இருக்கும் நாட்டு மீன்களுக்குத்தான் கேடு.

தமிழ்நாட்டில் இந்தக் கேடு ஒரு குளத்தோடு நிற்பதில்லை. நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஒரே ஆண்டில், மேலே ஒருவர் விட்ட மீனின் குஞ்சுகள் கீழே உள்ள எல்லா ஏரிகளுக்கும் போய்ச் சேர வழி இருக்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்கள் உடைந்து, அமேசானின் அரபைமா மீன் சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது. 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் களை அகற்றும்போது வட அமெரிக்காவின் முதலை மூக்கு மீன், அதாவது அலிகேட்டர் கார், கிடைத்தது. அது அங்கே தானாக வந்திருக்க முடியாது.

அதிகமாகக் கைவிடப்படும் மீன்: சக்கர்

கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன், தென் அமெரிக்காவைச் சேர்ந்த கவசக் கெளுத்தி. வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் 40 முதல் 50 செ.மீ. இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. ‘தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்பது தவறான நம்பிக்கை. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றுவது கழிவு நச்சாலும் இட நெருக்கடியாலும்தான். அப்படிக் குன்றிய மீன் நோயாளி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பதும் பாதிதான் உண்மை. கண்ணாடிப் பாசியைக் கொஞ்சம் சுரண்டும். மற்ற மீனின் கழிவைத் தின்னாது, தானே நீள நீளமாகக் கழிவு போட்டுத் தண்ணீரைக் கெடுக்கும். பாசியை எடுக்க இருபக்கக் காந்தத் துடைப்பானும், விளக்கை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குள் நிறுத்துவதும் போதும்.

ஏரிக்குப் போன சக்கரின் பலம் மூன்று. ஒன்று, அதன் வயிறு காற்றிலிருந்து பிராணவாயுவை எடுக்கும். சாக்கடை கலந்து மற்ற மீன் செத்து மிதக்கும் தண்ணீரிலும் அது மேலே வந்து ஒரு மடக்குக் காற்று குடித்துவிட்டு இறங்கிவிடும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்கும். இரண்டு, உடல் முழுக்க எலும்புத் தகடு, முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்பிலும் தடித்த முள். விராலால் எளிதில் விழுங்க முடியாது. மூன்று, ஆண் மீன் கரையில் வளை தோண்டி, அங்கே இடப்படும் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காவல் காக்கும். மண் கரை ஏரிகளுக்கு இந்த வளைகளால் பெரிய தொல்லை. தண்ணீர் வற்றும்போது வளை வெளியே தெரியும், அடுத்த மழையில் அந்த இடம் இடியும். மீனவருக்கோ வலை போய்விடுகிறது. முள்ளில் சிக்கிய நரம்பு வலையை அறுக்காமல் பிரிக்க முடியாது.

வாங்குமுன்

கடைக்காரரிடம் ‘இது முழுசா எவ்வளவு பெரிசாகும்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வது உறுதியாக இல்லையென்றால் வாங்காதீர்கள். ஆஸ்கார் 30 செ.மீ.க்கு மேல் போகும். சாதாரணத் தங்கமீனே 20 செ.மீ. தாண்டும், கண்ணாடிக் குடுவை அதற்கு இடமே இல்லை. சில்வர் அரவானா மூன்றடி வரை வளரும். செவ்வால் கெளுத்தியும், ‘ஷார்க்’ என்று விற்கும் பங்காசியஸும் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியவை. அலிகேட்டர் கார் அதைவிடப் பெரிது. இவற்றில் கடைசி மூன்றும் வீட்டுத் தொட்டி மீன்களே அல்ல, எவ்வளவு அழகான குஞ்சாக இருந்தாலும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள அமெரிக்கக் குளத்து ஆமைக்கும் இதேதான். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வீட்டுக்கு வரும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும், ஓடு ஓரடி வரை போகும்.

வேறு கைக்கு மாற்றுவது

முதல் வழி எப்போதும் இதுதான். பெரிய மீனுக்கு இடம் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதனால் வீடு காலி செய்யும் நாளன்று தொடங்காதீர்கள்.

மீனின் பக்கவாட்டுப் படம் ஒன்றை அளவுகோல் வைத்து எடுங்கள். இனம், நீளம், என்ன தின்கிறது, எந்த மீனோடு சேராது, கடைசியாக எப்போது நோய் வந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். முதலில் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். பணம் எதிர்பார்க்காமல் கொடுத்தால் பலர் எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் என்றால் கொளத்தூர் வட்டாரத்தில் கடைகளும் பண்ணைகளும் அடர்ந்திருக்கின்றன, பெரிய தொட்டி வைத்திருப்பவர் கிடைக்க அங்கே வாய்ப்பு அதிகம். மீன் வளர்ப்போர் குழுக்கள், விலங்கியல் துறை உள்ள கல்லூரிகள், மீன்வளக் கல்லூரிகள் ஆகியவற்றிலும் கேட்கலாம். தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுப்பதென்றால், அது மழையில் நிரம்பி வடிகாலுக்கு வழியுமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வழியும் தொட்டியில் விடுவதும் ஏரியில் விடுவதும் ஒன்றுதான்.

கொண்டுபோகும் முறை:

24 மணி நேரத்துக்கு முன்பே தீனியை நிறுத்துங்கள். 20 செ.மீ.க்கு மேற்பட்ட மீனுக்கு 48 மணி நேரம். தீனியோடு ஏற்றினால் வழியில் கழிந்து, பைத் தண்ணீரில் அம்மோனியா ஏறிச் சாகும்.

சின்ன மீனைக் கடையில் ஆக்சிஜன் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். தண்ணீர் நிறைய இருந்தால் நல்லது என்று நினைத்து முக்கால் பை நிரப்புவதுதான் வழக்கமான தவறு. சக்கர், கெளுத்தி போன்ற முள் மீன்களைப் பையில் கட்டாதீர்கள். ஓட்டை போட்டுவிடும். மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் பாதித் தண்ணீர் எடுத்து, மூடியில் நான்கு துளை போட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விடுங்கள். இருட்டாக இருந்தால் மீன் துள்ளாது.

சக்கரை வலையால் அள்ளாதீர்கள். முள் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் துடுப்பு கிழியும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டிவிட்டு, தண்ணீரோடு தூக்குங்கள்.

வாங்குபவர் பையைப் புதுத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குவளை வீதம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் மாற்ற வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மற்ற மீனோடு சேர்க்குமுன் 30 நாள் தனித் தொட்டியில் வைப்பது நல்லது.

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால்

நோயுற்ற மீனுக்கும், எங்கும் இடம் கிடைக்காத பெரிய மீனுக்கும் வலியில்லாமல் முடிவு கொடுப்பதே நேர்மையான வழி. சொல்லக் கடினம், செய்யவும் கடினம். ஆனால் கழிவறையில் விட்டு நீர் அடிப்பது, தரையில் போட்டுத் துடிக்க விடுவது, உயிரோடு உறைபெட்டியில் வைப்பது மூன்றும் கொடுமை. கிராம்பு எண்ணெய் இதற்குப் பொருத்தமானது. அதிலுள்ள யூஜினால் மீனை முதலில் மயக்கும், அளவு கூடினால் மூச்சை நிறுத்தும்.

நாட்டு மருந்துக் கடையிலோ மருந்தகத்திலோ கலப்பில்லாத கிராம்பு எண்ணெய் வாங்குங்கள். வேறு எண்ணெய் கலந்த பல்வலித் தைலம் வேலை செய்யாது. மீன் அரை மயக்கத்தில் தவிக்கும். அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.5 மி.லி. பத்து லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, அப்படியே ஊற்றினால் மேலே மிதக்கும். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. மூடியுள்ள பாட்டிலில் 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, எண்ணெயை ஊற்றி, பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்குங்கள்.

வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து மீனை விடுங்கள். கலவையில் பாதியை மெதுவாக ஊற்றிக் கையால் கலக்குங்கள். சில நிமிடத்தில் மீன் சாய்ந்து, தொட்டால் அசையாமல் கிடக்கும். அப்போது மீதியை ஊற்றுங்கள். செவுள் மூடி அசைவது நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் விட்டுவையுங்கள்.

சக்கர், கௌராமி, ஃபைட்டர் போன்று காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன்களுக்கு இது மட்டும் போதாது. வாளியை விளிம்புவரை நிரப்பி, மேலே காற்று இடைவெளி இல்லாமல் மூடி, ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதன் பின், மயக்கம் தெளியாத நிலையிலேயே, தலைக்குப் பின்னால் முதுகுத்தண்டை வெட்டுக்கத்தியால் துண்டித்துவிடுங்கள். அது முடியாதவர்கள் அசைவற்ற மீனை 24 மணி நேரம் உறைபெட்டியில் வைக்கலாம். மயக்கிய பிறகு உறைய வைப்பது வேறு, உயிரோடு வைப்பது வேறு. இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டால் சக்கர் குப்பைத் தொட்டியில் விழித்துக்கொள்ளும்.

இந்த மீனை மனிதரோ பூனை நாயோ தின்னக் கூடாது. செடிக்கு அடியில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வாளித் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், கால்வாயில் அல்ல.

தண்ணீர், செடி, நத்தை, சாமான்

மீனை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டினால் பாதி வேலை வீண். அந்தத் தண்ணீரில் கப்பி மீன் குஞ்சு, நத்தை முட்டை, மீனை ஒட்டி வாழும் மீன் பேன், நங்கூரப் புழு எல்லாம் போகும். வடிகால் ஏரிக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேர்கிறது. தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டித் தென்னைக்கோ பூச்செடிக்கோ ஊற்றுங்கள். உப்போ மருந்தோ போட்ட தண்ணீர் என்றால் செடிக்கு வேண்டாம், வெறும் மண்ணில் ஊற்றுங்கள்.

செடிகளை மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் நொறுங்கக் காயவைத்து உரக் குழியில் போடுங்கள். ஒரு விரல் நீளத் தண்டு போதும், குளத்தில் வேர் பிடித்துவிடும். ஆகாயத்தாமரையும் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் கொண்டுபோகப்பட்ட செடிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

நோய் கண்ட தொட்டி, வலை, குழாய், கற்களை 200 பி.பி.எம். குளோரின் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். 5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 4 மி.லி. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டருக்கு 7 கிராம். பவுடர் திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும், புதிய பொட்டலம் வாங்குங்கள். கழிவறைக் கழுவும் அமிலத்தோடு இதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். ஊறிய பின் 10 லிட்டருக்கு 15 கிராம் ஹைப்போ உப்பு, அதாவது சோடியம் தயோசல்பேட், கலந்து குளோரினை முறித்து, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள்.

கொசுவுக்காகக் கப்பி விடுவது

நல்ல எண்ணத்தோடு நடக்கும் தவறு இது. கப்பியைப் போலவே கம்பூசியா என்ற சின்ன மீனும் 1928-லேயே கொசுப் புழுவைத் தின்னும் என்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும். கம்பூசியாவோ கப்பியோ ஏரி, கண்மாய், ஓடை எதிலும் விடாதீர்கள். அங்கே ஏற்கனவே உச்சந்தலையில் வெள்ளிப் புள்ளி மின்னும் சின்ன நாட்டு மீன் மேல்மட்டத்தில் நீந்திக் கொசுப் புழுவைத் தின்றுகொண்டிருக்கும். வீட்டுச் சிமெண்டுத் தொட்டி வழியாது, வடிகாலோடு சேராது என்றால் அதில் கப்பி வளர்க்கலாம். மூடி போட்டு வைப்பது அதைவிட நல்லது.

ஏற்கனவே குளத்தில் இருந்தால்

தூண்டிலிலோ வலையிலோ சக்கர் கிடைத்தால் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள். கரையில் வீசிவிட்டும் போகாதீர்கள். ஈரப் புல்லில் கிடந்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கியும் விடலாம்.

முதலில் இனத்தை உறுதிசெய்யுங்கள். சக்கருக்கு வாய் அடிப்பக்கம் வட்டமாக உறிஞ்சும் தட்டு போல இருக்கும், உடலில் வரிசை வரிசையாக எலும்புத் தகடு, முதுகில் பாய்மரம் போல அகன்ற துடுப்பு. நாட்டுக் கெளுத்தி, தேளி, வாளை எல்லாம் வழவழப்பான தோல், தகடு கிடையாது. அலிகேட்டர் காருக்கு அகன்ற முதலை மூக்கும் கல் போன்ற செதிலும். நம் கொக்கு மீன் ஒல்லியானது, இரண்டு தாடையும் ஊசி போல. ‘பிரானா பிடித்தோம்’ என்று பரவும் படங்களில் பல பாக்கு மீன், அதன் பல் மனிதக் கடைவாய்ப் பல் போலத் தட்டையாக இருக்கும். ஆமை கிடைத்தால் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். நாட்டு ஆமைகள் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, வனத்துறையை அழையுங்கள்.

படம், இடம், தேதி, நீளம் குறித்து மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. எங்கே எந்த மீன் இருக்கிறது என்ற பதிவு இல்லாமல் அந்த அதிகாரம் பயன்படாது.

ஊரே சேர்ந்து பிடிக்க விரும்பினால், அனுமதி முக்கியம். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் நட்டம்தான்.

நாள் குறிப்பது சித்திரை, வைகாசியில், தண்ணீர் இடுப்பளவுக்குக் கீழே இறங்கியபின். நிறைந்த ஏரியில் வலை போட்டு வீணாகக் களைக்காதீர்கள். சக்கர் இரவில் மேயும். விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கும் நேரத்தில் காற்றுக் குடிக்க அடிக்கடி மேலே வரும். அந்த நேரத்தில் தடித்த நைலான் நூலில் பின்னிய வீச்சு வலை வீசுங்கள். மெல்லிய நரம்பு வலை ஒரே நாளில் நாசமாகும். தோல் கையுறை கட்டாயம். பெரிய மீன் மார்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளை வால் பக்கம் மடக்கி எடுங்கள், மடங்காவிட்டால் நூலை அறுங்கள். வலையில் வரும் கெண்டை, விரால், குரவை, அயிரையை அங்கேயே திரும்ப விட ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

தண்ணீர் வற்றிய கரையில் வளைகள் தெரியும். கையை உள்ளே விடாதீர்கள், பாம்பு இருக்கக்கூடும். கொக்கி வைத்த கம்பியால் துழாவுங்கள். மஞ்சள் நிற முட்டைக் கொத்து கிடைத்தால் எடுத்து வெயிலில் காயவையுங்கள். கரையை நீங்களாகத் தோண்டாதீர்கள், இன்னும் பலவீனமாகும். மீனை எடுத்தபின் துறையின் ஒப்புதலோடு வளைக்குள் ஈரக் களிமண்ணை உருட்டித் திணித்துக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் இடித்து இறுக்குங்கள். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே பொந்து இருக்கும், மழையில் அப்படியே உட்காரும்.

குளத்தில் பிளீச்சிங் பவுடரோ பூச்சி மருந்தோ கலந்து கொல்லும் யோசனை ஒவ்வொரு ஊரிலும் யாராவது சொல்வார்கள். அதில் முதலில் சாவது கெண்டையும் அயிரையும்தான். சக்கர் வளைக்குள் பதுங்கியும் மேலே வந்து காற்றைக் குடித்தும் தப்பிவிடலாம். அப்படித் தப்பினால் போட்டியில்லாத குளம் அதற்குக் கிடைக்கும்.

பிடித்த மீனை வெல்லத்தோடு புளிக்கவைத்து, பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலமாக்கலாம். இதற்குக் கிராம்பு எண்ணெய் வேண்டாம். தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரே அடியில் நினைவிழக்கச் செய்து, உடனே முதுகுத்தண்டைத் துண்டித்து, வயிற்றுப் பக்கமாகக் கிழியுங்கள். முதுகுத் தகட்டை வெட்ட முயன்றால் கத்தி வழுக்கும். ஒரு கிலோ சதை, குடலுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு, நிழலில் 30 நாள் வையுங்கள். வாயு சேரும், மூன்று நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்குங்கள். பழ வாசனை வந்தால் தயார். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை, கால் கிலோ சேர்த்து இன்னும் பத்து நாள் வையுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கலந்து தெளிக்கலாம். ஆலைக் கழிவோ நகரச் சாக்கடையோ கலக்கும் ஏரி மீன் என்றால் உடலில் கன உலோகம் சேர்ந்திருக்கக்கூடும். அதை உண்ணவும் வேண்டாம், காய்கறிக்கு அடிக்கவும் வேண்டாம். நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, இரண்டடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எலும்புத் தகடு மக்க நாளாகும், அந்த இடத்தில் ஒரு கல் நட்டு வையுங்கள்.

ஒரு முறை பிடித்ததோடு விட்டால் மிச்சம் இருக்கும் சில ஜோடிகளே அடுத்த மழைக்குள் குளத்தை நிரப்பிவிடும். ஒவ்வொரு கோடையிலும் பிடித்த எண்ணிக்கையையும் நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஆண்டு சின்ன மீன்கள் குறைந்து வந்தால் இனப்பெருக்கம் தடைபடுகிறது என்று பொருள். விரல் நீளக் குஞ்சுகளே அதிகம் வந்தால், வளைகளில் முட்டை தப்பியிருக்கிறது அல்லது மேல் ஏரியிலிருந்து குஞ்சு வருகிறது. அப்போது கலிங்கு வழியும் காலத்தில் வாய்க்காலில் சிறுகண் வலை கட்டிப் பாருங்கள். வலையில் சருகு அடைத்தால் தண்ணீர் ஏறிக் கரை உடையும், அதனால் பகலில் மட்டும், இருவர் காவலோடு கட்டி, மாலையில் அவிழ்த்துவிடுங்கள்.